மூன்று லட்சத்தை நெருங்கிய இன்னோவாவும் ஒரு நீல நோட்டும்

எங்கள் வீட்டு இன்னோவா 2009 மாடல். 2023 ஆகஸ்டில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த அன்று மீட்டரில் 2,87,412 இருந்தது. இப்போது 3,29,000 தாண்டிவிட்டது. இந்த 42,000 கிலோமீட்டரில் ஒரு நாள்கூட வண்டி நடுவழியில் நின்றதில்லை. "மூணு லட்சம் ஓடின வண்டியையா எடுக்கறீங்க?" என்று அன்றைக்கு முகம் சுளித்த சொந்தக்காரர்களில் இரண்டு பேர், தங்களுக்கும் அதே மாதிரி ஒன்று பார்த்துத் தரச் சொல்கிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிறேன். தறிக்காரர்களிடம் சரக்கு எடுத்து ஈரோடு, கரூர், திண்டுக்கல் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது. பதினோரு வருடம் மாருதி ஆம்னி வேனை நானே ஓட்டினேன். மூட்டை ஏற்ற அதைப்போல வசதி வராது. ஆனால் மாமனாருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்த பிறகு ஆம்னியில் காலை மடக்கி உட்கார முடியவில்லை. சின்ன கார்களில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது யாரோ ஒருவருடைய இன்னோவாவில் அவரை ஏற்றினோம். நின்ற வாக்கிலேயே இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்தார், அப்படியே இறங்கினார். எந்த வண்டி என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. கையில் ஐந்து லட்சம் இருந்தது. புது இன்னோவா கிரிஸ்டா அப்போதே இருபது லட்சத்துக்கு மேல். ஆகவே பழைய வண்டிதான், அதுவும் நிறைய ஓடிய வண்டிதான் அகப்படும் என்று தெரிந்தே தேட ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில். 2010 மாடல், வெள்ளை, சிங்கிள் ஓனர் என்றார்கள். மீட்டரில் 98,000. சீட் கவர், மேட் எல்லாம் புதிது. 5,60,000 சொன்னார்கள், கடன் வாங்கியாவது எடுத்துவிடலாமா என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து கீழே குனிந்தார். கிளட்ச் பெடல் ரப்பரில் வரிகளே இல்லை, ஒரு ஓரத்தில் இரும்பு தெரிந்தது. "லட்சத்துக்குள்ள ஓடின வண்டிக்கு இந்த ரப்பர் இப்படித் தேயாதுங்கக்கா" என்றார். அப்புறம் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார். சூடு. நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு புகை விடுகிறது என்று நாம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வண்டி எண்ணை எழுதிக்கொண்டு வந்து, தெரிந்தவர் மூலமாக சர்வீஸ் சென்டர் ஒன்றில் பழைய விவரம் கேட்டோம். 2017ஆம் வருடமே 1,64,000 என்று பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியதோ. மீட்டரைத் திருப்பி வைப்பது இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பது எனக்குப் பெரிய கோபம். ஓடிய வண்டியை ஓடியதாகவே சொல்லி விற்றால் வாங்குகிறவர் அதற்கான வேலையைச் செய்துகொள்வார். 98,000 என்று நம்பி வாங்குகிறவர், ஓடிய தூரத்தைக் கணக்கு வைத்து மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டைத் தொடவே மாட்டார். இந்த 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் இருப்பது பெல்ட், செயின் இல்லை. ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சினையே இறக்க வேண்டிவரும். பொய் மீட்டர் பணத்தோடு நிற்பதில்லை.

அடுத்து இரண்டு வண்டிகள் பார்த்தோம். ஒன்று டி போர்டில், அதாவது வாடகை வண்டியாக ஓடி, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாறியது, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வெல்டிங் வைத்த தடம் இருந்தது. இன்னொன்று டெல்லியிலிருந்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி வந்தது. அப்போது அங்கே டீசல் வண்டிக்குப் பத்து வருடத்துக்கு மேல் அனுமதி இல்லை என்பதால் விலை மலிவாக இருந்தது. ஆனால் இங்கே திரும்பப் பதிவு செய்ய வேண்டும், வரி கட்ட வேண்டும். கணக்குப் பார்த்தால் மலிவு மிஞ்சவில்லை.

கோபி வண்டி நூல் வியாபாரி ஒருவர் சொல்லி வந்தது. அரிசி ஆலை வைத்திருந்த குடும்பம். வண்டி வாங்கிய பெரியவர் தவறிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். நாங்கள் வேண்டுமென்றே காலை ஆறரை மணிக்குப் போய் நின்றோம். பதின்மூன்று வருடம் அந்த வண்டியை ஓட்டிய டிரைவர் ஐயாதான் ஷெட்டைத் திறந்தார். கிலோமீட்டர் எவ்வளவு என்று கேட்டேன். "ரெண்டு எண்பத்தேழும்மா, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, டேஷ்போர்டைத் திறந்து நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்.

அதில் முதல் சர்வீஸிலிருந்து எல்லாம் இருந்தது. தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு ரூபாய். ஏழாயிரம் எட்டாயிரத்துக்குள் ஒருமுறை ஆயில். டீசல் ஃபில்டர் எப்போது, பேட்டரி எப்போது, எந்த டயர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்பது வரைக்கும். டைமிங் பெல்ட் 1,01,300-இல் ஒருமுறை, 2,03,800-இல் ஒருமுறை. 2016-இல் பவானி பக்கத்தில் டிராக்டர் டிரெய்லர் உரசி வலது பின்கதவு டிங்கரிங் செய்தது கூட எழுதியிருந்தது. மெக்கானிக் அண்ணன் அந்தக் கதவைத் தட்டினார். மற்றக் கதவுகள் தகரமாக ஒலித்தன, அது மட்டும் பட்டி போட்ட சத்தம். நோட்டில் எழுதியிருந்த கதவுதான். அந்த இடத்தில் எனக்கு மனசு நின்றுவிட்டது.

ஆனாலும் அண்ணன் எதையும் விடவில்லை. பானெட் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே பிடியில் ஸ்டார்ட். ஒரு கொத்துக் கரும்புகை வந்து உடனே தெளிந்தது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே காட்டினார். லேசான காற்றுதான், புகை இல்லை. புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் உள்ளே தேய்ந்து அழுத்தம் கசிகிறது, பக்கத்திலேயே போகக் கூடாது என்றார். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். வெள்ளத்தில் முழுகிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடுமாம். சத்தி ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டினோம். வேகத்தடையில் முன்பக்கம் டொக் டொக் சத்தம். டயர்களில் 2217 என்று குறி இருந்தது. 2017-இல் இருபத்திரண்டாவது வாரம் செய்தது, வரி இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருந்தது. இவற்றை வைத்துத்தான் பேசினோம். 4,75,000 கேட்டார்கள், 4,35,000-க்கு முடிந்தது.

பேப்பர் வேலைதான் பொறுமையைச் சோதித்தது. ஆர்.சி. தவறிப்போன பெரியவர் பெயரிலேயே இருந்தது. அப்படி இருக்கும்போது குடும்பத்தார் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்து வரவே கூடாது. முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பெரியவரின் மனைவி பெயருக்கு மாறிய பிறகுதான் 29, 30 படிவங்களில் என் பெயருக்கு. எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. பெயர் மாறி ஆர்.சி. கைக்கு வரும்வரை 25,000 நிறுத்தி வைத்துக்கொள்கிறேன் என்றேன், அந்த அம்மா மறுக்கவில்லை. கட்டாமல் கிடந்த அபராதம் ஒன்று ஆன்லைனில் காட்டியது, அதையும் அவர்களே கட்டினார்கள். இன்சூரன்ஸும் உடனே நம் பெயருக்கு மாற்ற வேண்டும். கிளெய்ம் எடுக்காததற்குப் பழைய ஓனருக்குக் கிடைத்த தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், அவரோடு போய்விடும், நமக்கு வராது.

இனி செலவு. வாங்கிய முதல் மாதத்திலேயே நான்கு டயர், 24,800. முன்பக்கம் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர், 18,400. அடுத்த கோடையில் பின் ஏ.சி. கூலிங் காயில் மாற்றியது, 6,700. நோட்டைப் பார்த்து மூன்று லட்சம் ஆவதற்கு முன்பே டைமிங் பெல்ட்டை டென்ஷனரோடு மாற்றினேன், 7,900. கிளட்ச் செட் 14,200. மொத்தம் 72,000. ஆயில் சர்வீஸ் தனி. இவ்வளவு தூரம் ஓடிய எந்த வண்டிக்கும் வருகிற தேய்மானம்தான் இது, வண்டியின் குறை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலையிலேயே போட்டுவிட்டால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம். நான் ஐந்து லட்சத்தில் 65,000 மிச்சம் வைத்திருந்ததால் கடன் வாங்காமல் சமாளிக்க முடிந்தது.

ஓட்டுவதற்கு எப்படி என்றால், கனமான வண்டி. ஆம்னியிலிருந்து வந்த எனக்கு முதல் வாரம் ஸ்டீயரிங்கே தோளை வலிக்க வைத்தது. பழகிய பிறகு அந்தக் கனம்தான் பிடித்திருக்கிறது. சங்ககிரி தாண்டி பைபாஸில் லாரிகள் உரசுகிற மாதிரி போகும்போதும் அசையாது. மூன்றாவது வரிசை சீட்டை இரண்டு பக்கமும் மடக்கி மாட்டிவிட்டால் பன்னிரண்டு மூட்டை சேலை உட்காரும், நடு சீட்டில் இரண்டு பேரும் வரலாம். ஏழு பேரோடு கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. எஞ்சின் சூடு முள் நடுவிலிருந்து நகரவில்லை. பாதிக்கு மேல் கிளட்ச் வாசனை வந்தது, அதன் பிறகுதான் கிளட்ச் செட்டை மாற்றினேன். அறப்பளீஸ்வரர் கோயிலில் மாமனார் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி நின்றதைப் பார்த்தபோது அந்த 14,200 எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

டீசல், டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில், பைபாஸில் லிட்டருக்கு 12, சேலம் டவுனுக்குள் 10. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். என் வண்டியில் ஏர்பேக் இல்லை, திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. இது உண்மையாகவே யோசிக்க வேண்டிய விஷயம். மழையில் நான் 60-ஐத் தாண்டுவதில்லை, நல்ல ரோட்டிலும் 80தான். பின் சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போட்டால்தான் வண்டியை எடுப்பேன். மகனுக்கு என்று தனியாக ஒரு வண்டி எடுத்தால் ஏர்பேக் இருப்பதைத்தான் எடுப்பேன்.

2024 செப்டம்பரில் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தேன். கட்டணம் 5,000, பசுமை வரி தனி. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். லைட், பிரேக், ஹாரன், புகைச் சான்று எல்லாம் சரியாக இருந்ததால் ஒரே நாளில் முடிந்தது. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை. பதினான்கு வருட வண்டி பார்க்கிறவர்கள் இந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

வண்டியைக் கொடுத்த அன்று டிரைவர் ஐயா ஒன்றுதான் சொன்னார். "டர்போ வண்டிம்மா. தூரம் ஓடி வந்து நிறுத்தினா உடனே ஆஃப் பண்ணிராதீங்க, ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க." இன்று வரை அப்படித்தான் செய்கிறேன். மீட்டர் மூன்று லட்சத்தைத் தொட்ட நாளில் அவருக்குப் போன் செய்தேன். பெல்ட் மாத்தியாச்சா என்றுதான் முதலில் கேட்டார். மாற்றி, நோட்டிலும் எழுதிவிட்டேன் என்றேன்.

அந்த நீல நோட்டில் அவர் கையெழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த வரியிலிருந்து என் கையெழுத்து. போன வாரம் எழுதியது: 3,28,940, ஆயில், ஆயில் ஃபில்டர், பின் பிரேக் ஷூ. இன்னும் முப்பது பக்கத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது.