தண்ணீர்க் கணக்கும் விண்மீன் கணக்கும்: ஒளிந்த குழாயா, மீட்டர் கோளாறா?

போன கோடையில் பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் டேங்கர் தண்ணீர்க் கணக்கு இடித்தது. சம்ப்பில் இறங்கிய லோடு ஒரு அளவு, 24 வீட்டு மீட்டர்களையும் கூட்டினால் வருவது அதைவிடக் குறைவு. கூட்டத்தில் உடனே இரண்டு கட்சி. “எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத குழாய் ஒண்ணு இழுக்குது” என்றார் மூன்றாம் மாடி சார். “மீட்டரையே நம்பாதீங்க, மெல்லிசா ஒழுகினா அது சுத்தவே சுத்தாது” என்றார் கீழ்வீட்டு அத்தை. கையோடு எல்லாரையும் கூட்டிப்போய்த் தன் வீட்டு ஃப்ளஷ் டேங்கைக் காட்டினார். நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. வெளியே மீட்டரில் அந்தச் சின்னச் சிவப்பு முக்கோணம் அசையாமல் நின்றது.

பியூசி இரண்டாம் வருடம் படிக்கும் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரு கோளரங்கத்துக்குப் போய் வந்து, “மாமா, யாருமே பார்க்காத கரும்பொருளை இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?” என்று கேட்டபோது, எனக்கு இந்தக் கூட்டம்தான் கைகொடுத்தது. விண்ணியலிலும் இதே இரண்டு கட்சிகள்தான்.

தெரிகிற பொருளின் எடைக்கும் ஓடுகிற வேகத்துக்கும் கணக்கு இடிப்பதை 1933-லேயே கோமா கொத்தில் (விண்மீன் திரள்கள், அதாவது கேலக்ஸிகள், கூடி வாழும் கூட்டம்) கவனித்தவர் விண்ணியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி. (பெங்களூருவில் இந்தப் பெயரைச் சொன்னால் பசிக்கும், என்ன செய்வது.) 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா திரளின் சுழற்சி வேகத்தை அளந்தார்கள். சூரியக் குடும்பத்தில் புதன் விநாடிக்கு 47 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, தள்ளியிருக்கும் நெப்டியூன் 5 கி.மீ.தான். ஆண்ட்ரோமெடாவின் வெளிப்புறமும் அப்படி மெதுவாகச் சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை, உள்ளே இருப்பதற்கு இணையான வேகத்திலேயே ஓடியது.

குழாய்க் கட்சி சொல்வது: கண்ணுக்குத் தெரியாத பொருள் திரளைச் சூழ்ந்திருக்கிறது, நியூட்டனும் ஐன்ஸ்டைனும் சொன்னதில் தப்பில்லை. மீட்டர் கட்சி சொல்வது: ஈர்ப்பு விதியில்தான் கோளாறு. அதன் தலைவர் இஸ்ரேலின் இயற்பியலாளர் மொர்டெஹாய் மில்க்ரோம். தூரம் இரட்டித்தால் ஈர்ப்பு நாலில் ஒன்றாகும் என்பது நியூட்டன் விதி. ஈர்ப்பு ரொம்ப ரொம்பப் பலவீனமாகிவிட்ட இடத்தில் அது பாதியாகத்தான் குறையும் என்றார் மில்க்ரோம், 1983-இல். மாண்ட் (MOND, திருத்திய நியூட்டன் இயக்கவியல்) என்று இதற்குப் பெயர்.

எவ்வளவு பலவீனம்? அவர் வைத்த எல்லை, பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய 8,000 கோடியில் ஒரு பங்கு. அந்த முடுக்கத்தில் ஒரு கார் கிளம்பினால் நடக்கிறவர் வேகத்தை எட்ட 360 வருடங்களுக்கு மேல் ஆகும். எங்கள் ஊர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலே தேவலாம். நெப்டியூன் உணரும் சூரிய ஈர்ப்பே இந்த எல்லையைப் போல 50,000 மடங்குக்கு மேல். அதனால்தான் நம் வீட்டுப் பக்கத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

திரள்களில் மட்டும் போட்டி என்றால் கோப்பையை மில்க்ரோமுக்கே கொடுத்துவிடலாம். எடை 16 மடங்கு கூடினால் சுழற்சி வேகம் 2 மடங்கு கூட வேண்டும் என்கிறது அவர் விதி. கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களையும் வாயுவையும் மட்டும் எடை போட்டாலே இது பொருந்துகிறது, குட்டித் திரள்கள் உட்பட. 2016-இல் ஸ்டேசி மெக்காவும் கூட்டாளிகளும் 153 திரள்களில், தெரிகிற பொருள் தரும் ஈர்ப்பையும் சுழற்சி காட்டும் ஈர்ப்பையும் ஒரே படத்தில் வைத்தார்கள்; எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. கரும்பொருள்காரர்கள் கணினியில் திரள்களை உருவாக்கிப் பார்த்து, இப்படி ஒரு கோடு தானாக அமையும் என்கிறார்கள். எனக்கு முழுசாகத் திருப்தியில்லை. ஒவ்வொரு திரளுக்கும் ஒவ்வொரு வரலாறு. ஒன்று சண்டை போட்டு வளர்ந்தது, ஒன்று தனியாகக் கிடந்தது. அப்புறம் எப்படி எல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறது?

சரி, திரளைத் தாண்டி வெளியே வந்தால் ஆட்டம் மாறுகிறது. திரள்கள் கூடி வாழும் கொத்துகளில் மாண்ட் போட்டுப் பார்த்தாலும் எடை போதவில்லை. இருப்பதைப் போல இன்னொரு மடங்கு தேவைப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத பொருள் வேண்டாம் என்று ஆரம்பித்த கட்சி, கொத்துக்குள் கொஞ்சம் கடன் கேட்கிறது. அதில் ‘புல்லட்’ கொத்து பெரிய அடி. இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவிப் போயின. சாதாரணப் பொருளில் பெரும்பங்கான சூடான வாயு நடுவே சிக்கி நின்றது. ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளி வளைவதை வைத்துப் பார்த்தால், எடை வாயுவோடு இல்லை, தாண்டிப் போன திரள்களோடு இருக்கிறது. 2006-இல் வெளியான இந்த ஆய்வுதான் என்னைக் குழாய்க் கட்சியில் சேர்த்தது.

பேரண்டத்தின் பழைய வெப்பச் சுவடான நுண்ணலைப் பின்னணியிலும் கரும்பொருள் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. மாண்ட் வகையில் அதைச் சரிக்கட்டும் ஒரு கோட்பாட்டை 2021-இல் ஸ்கோர்டிஸும் ஸ்லோஸ்னிக்கும் கொடுத்தார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனால் அதில் சேர்த்த புதிய புலம் ஆதி காலத்தில் கரும்பொருள் போலவே நடந்துகொள்கிறது. பெயர்ப்பலகையை மாற்றிக் குழாயை உள்ளே விட்ட மாதிரி எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன்பே, 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து ஈர்ப்பலையும், ஒளியின் ஒரு வகையான காமாக் கதிரும் 1.7 விநாடி இடைவெளியில் வந்து சேர்ந்தபோது, இரண்டுக்கும் வேகம் வேறு என்ற மாற்றுக் கோட்பாடுகள் பல அன்றே மூட்டை கட்டின.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகள், “அப்போ குழாயைக் காட்டுங்க மாமா” என்றாள். அங்கேதான் எங்கள் கட்சி தலையைச் சொறிகிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் டன் கணக்கில் திரவ செனானை வைத்து, கரும்பொருள் துகள் வந்து மோதுமா என்று காத்திருக்கிறார்கள். இதுவரை ஒரு துகளும் சிக்கவில்லை.

இப்போது நான் உற்றுப் பார்ப்பது இரட்டை விண்மீன்களை. சூரியன் போன்ற விண்மீனிலிருந்து, பூமி–சூரியன் தூரத்தைப் போல 7,000 மடங்கு தள்ளிப் போனால் மில்க்ரோம் எல்லை வந்துவிடும். அவ்வளவு தள்ளிச் சுற்றும் ஜோடிகளில் கரும்பொருள் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வேகம் கூடியிருந்தால் மீட்டர்தான் கோளாறு. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா செயற்கைக்கோளின் தரவை வைத்து 2023-இல் கொரியாவின் கியூ-ஹியூன் சே கூடியிருக்கிறது என்றார். அதே கையா தரவை வைத்து இந்திரநீல் பானிக் என்பவரின் குழு இல்லவே இல்லை என்றது. எந்த ஜோடியில், வேகத்தைக் கூட்டிக் காட்டும் மூன்றாவது விண்மீன் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதில்தான் சண்டை. அந்த ஜோடிகளைக் கழித்த பிறகும் வேகம் கூடித்தான் இருக்கிறது என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால், நான் கட்சி மாறிவிடுவேன். அக்கா மகள் இப்போதே கீழ்வீட்டு அத்தை பக்கம்.

எங்கள் சம்ப் விவகாரத்தில், மீட்டர் இல்லாத தோட்டக் குழாய் ஒன்று அகப்பட்டது. மூன்று பழைய மீட்டர்களையும் மாற்றினோம். இந்த மாதக் கணக்கும் கொஞ்சம் இடிக்கிறது.