பாம்பன் வீட்டுக்குள் ஒரு பூல் மேசை: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2022 ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் இந்த மேசை வேலையை ஆரம்பித்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை பின்னி, படகுக்குப் பெயின்ட் அடித்து முடித்தபின் அண்ணனுக்கு மாலை நேரம் முழுக்க வீட்டில்தான். கேரம் போர்டு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அண்ணன் சில வருடம் துபாயில் இருந்தபோது பூல் ஆடிப் பழகியவர். துணி விரித்த மேசையில், நீளக் கோலால் பந்தை அடித்து, நான்கு மூலையிலும் நீளப் பக்கங்களின் நடுவிலும் உள்ள பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஆட்டம் அது. அந்த ஆசை அவரை விடவில்லை. பார்த்துப் பார்த்து எனக்கும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கூடம் 12 அடிக்கு 10 அடி. அதில்தான் டிவி, அதில்தான் பிள்ளைகள் படிப்பு, ராத்திரி நான்கு பேர் படுக்கையும் அதில்தான். ஸ்லேட் கல் பதித்த எட்டடி மேசை 300 கிலோவுக்கு மேல் வரும். ஆகவே ஆடும் நேரத்துக்கு விரித்து, முடிந்ததும் எடுத்து வைக்கும் மேசைதான் சரிப்படும் என்று முடிவு செய்தோம்.

அளவை அறைதான் தீர்மானித்தது. மேசையை மட்டும் அளந்தால் போதாது. பந்து ஓரத்தில் நின்றாலும் அடிக்க முடிய வேண்டும், அதனால் நான்கு பக்கமும் கோலின் நீளமும் கையை இழுக்க அரை அடியும் வேண்டும். ஆடுதளம் 5 அடிக்கு 2½ அடி, கோல் 3 அடி என்று வைத்தால் 12-க்கு 9½ ஆகிறது. கூடம் அப்படியே பொருந்திவிட்டது. நீளமும் அகலமும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை மட்டும் எதற்காகவும் மாற்றாதீர்கள். நடுப் பாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் சரியான சதுரம் விழுந்தால்தான் பாங்க் ஷாட்டுக்கு, அதாவது பந்தை ஓரத்தில் மோதவிட்டுத் திருப்பி இறக்கும் அடிக்கு, கண் பழகும்.

வழக்கமான பூல் பந்து 57 மி.மீ. இந்தச் சின்ன மேசையில் அது நெரிசலாகத் தெரியும். 48 மி.மீ. பந்து செட் வாங்கினோம். மூலைப் பாக்கெட்டின் வாய் பந்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 96 மி.மீ. நடுப் பாக்கெட்டு அதைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம். பாக்கெட்டுக்குக் கீழே தொங்கும் பைகளை அண்ணனே நைலான் வலை நூலில் பின்னினார். மூன்று வருடத்தில் எந்தக் கோளாறும் தராத ஒரே பாகம் அதுதான்.

தளம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ஒற்றை 12 மி.மீ. பிளைவுட்டைப் போட்டுப் பார்த்தோம். இரண்டே வாரத்தில் நடுவில் தொய்ந்தது. மெதுவாக உருட்டிய பந்தெல்லாம் நடுவுக்கே வந்து சேர்ந்தது. பலகையின் தடிமனை இரு மடங்காக்கினால் வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்காகும், எடையோ இரு மடங்காகும். எடை ஏறாமல் தடிமன் மட்டும் ஏற வேண்டுமானால் உள்ளே வெற்றிடம் விட வேண்டும். ஆசாரியிடம் சொன்னதும், “கதவு செய்ற மாதிரி உள்ளே கூடு கட்டிரலாம்” என்றார். மேலே 6 மி.மீ. மரைன் பிளைவுட், கீழே 6 மி.மீ., நடுவில் இரண்டங்குல உயரப் பட்டிகளைக் கட்டம் கட்டமாகக் கோத்து ஒட்டினார். கட்டத்துக்குக் கட்டம் 15 செ.மீ. இடைவெளி. ஒட்டிய இரவில் அதைச் சமமான தரையில் கிடத்தி, மேலே சிமென்ட் மூட்டைகளை அடுக்கி வைத்தோம். ஒட்டும்போது எந்த வடிவத்தில் கிடக்கிறதோ அந்த வடிவத்திலேயே ஆயுள் முழுக்க நிற்கும், அதனால் அந்த ஒரு ராத்திரி முக்கியம்.

மரைன் பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். அதற்கும் மேலே, படகுக்கு ஃபைபர் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு இரண்டு முகத்துக்கும் எல்லா ஓரத்துக்கும் ரெசின் பூசச் சொன்னோம். ஒரு முகத்துக்கு மட்டும் பூசினால் பூசாத முகம் ஈரத்தை இழுத்து உப்பும், பலகை வில்லாக வளையும். ஓரத்தை விட்டாலும் அதே கதைதான். மூன்று வாடைக்காலம் போய்விட்டது. நூல் பிடித்துப் பார்த்தால் தளத்தில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூட இறக்கம் இல்லை.

குஷனில்தான், அதாவது பந்து மோதித் திரும்பும் ஓர ரப்பரில்தான், அதிக நாள் வீணாயிற்று. சைக்கிள் டியூபை மடித்து வைத்தோம், பந்து செத்துப்போய் நின்றது. செருப்பு ரப்பரை வெட்டி ஒட்டினோம், ஒரு இடத்தில் துள்ளியது, அடுத்த இடத்தில் துள்ளவில்லை. கடைசியில் மேசைக்கென்றே வரும் முக்கோண வடிவ ரப்பரை வரவழைத்தோம். அதிலும் ஒரு பாடம் இருந்தது. குஷனின் மூக்கு, அதாவது பந்து மோதும் முனை, பந்து விட்டத்தில் 63.5 சதவீத உயரத்தில் நிற்க வேண்டும். 48 மி.மீ. பந்துக்கு 30½ மி.மீ. நாங்கள் 27-இல் வைத்துவிட்டோம். வேகமாக அடித்தால் பந்து எகிறித் தரையில் விழுந்தது. சட்டத்துக்கு அடியில் மூன்றரை மில்லிமீட்டர் பட்டி கொடுத்து உயர்த்திய அன்றே அது நின்றது. ரப்பருக்குச் செலவழியுங்கள், மற்றதில் மிச்சம் பிடிக்கலாம்.

தளம் 21 கிலோ, சுற்றுச் சட்டங்கள் 8, மடக்கும் அலுமினியக் கால்கள் 9. மொத்தம் 38 கிலோ. நானும் அண்ணன் மகளும் தூக்கி வைத்துவிடுவோம். இத்தனை லேசாக வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் முதல் பிரேக், அதாவது ஆட்டத்தைத் தொடங்கப் பந்துக் கூட்டத்தைக் கலைக்கும் அடி, அடித்ததும் மேசை அரை அங்குலம் நகர்ந்தது. எட்டி அடிக்க ஒரு பக்கம் உடம்பைச் சாய்த்தால் எதிர்க்கால் தூக்கியது. அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாரம் இல்லாத வள்ளம் அலையில நிக்குமா தம்பி?”

தூக்கும்போது லேசாகவும் ஆடும்போது கனமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. இரண்டு கால் சட்டங்களையும் இணைக்கிற மாதிரி தரையிலிருந்து நாலங்குல உயரத்தில் ஒரு பலகை கொடுத்தோம். ஆடுவதற்கு முன் அதில் இரண்டு 20 லிட்டர் கேன்களைத் தூக்கி வைப்போம். இரண்டிலும் கடல் தண்ணீர். குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் நல்ல தண்ணீரை அதற்குச் செலவழிக்க மனசு வரவில்லை. கடல் தண்ணீர் லிட்டருக்கு 25 கிராம் கூடவே கனக்கும். இரண்டு கேனும் சேர்ந்து 41 கிலோ, மேசையின் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. நகர்வது நின்றது. குஷனில் பட்டுத் திரும்பும் பந்தின் வேகமும் கூடியது, முன்பு அந்த வேகத்தில் கொஞ்சம் மேசையை ஆட்டுவதில் போய்க்கொண்டிருந்தது. இந்த மேசையில் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிற விஷயம் இதுதான்: எடையை மேசையோடு சேர்த்துக் கட்டாதீர்கள், தனியாக வையுங்கள்.

ஒரு தடவை கேன் மூடி கசிந்து உப்புத் தண்ணீர் கால் போல்ட்டில் இறங்கிவிட்டது. அலுமினியத்தோடு ஸ்டெயின்லெஸ் போல்ட் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியம்தான் அரிக்கும். வெள்ளை வெள்ளையாக மாவு பூத்தது. கசிவு இல்லாவிட்டாலும் இங்கே காற்றே அதைச் செய்யும், கொஞ்சம் தாமதமாக. இப்போது எல்லா போல்ட்டுக்கும் நைலான் வாஷரும் கிரீஸும் உண்டு. போல்ட், உப்பை நன்றாகத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ்ஸாகக் கிடைத்தால் நல்லது.

துணி விஷயத்தில் நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். சாதாரண இரும்பு ஸ்டேப்பிள் பின் அடித்தோம். முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் துருக்கறை ஏறி, பின் இருந்த இடத்தில் துணி இற்றுக் கிழிந்தது. துணி மாற்றினோம், ஸ்டெயின்லெஸ் பின் அடித்தோம், அது இன்றுவரை அப்படியே இருக்கிறது.

வாடைக்காலத்தில், அதாவது ஐப்பசி கார்த்திகையில், துணி ஈரத்தை இழுத்துப் பந்து மந்தமாகிவிடும். முதலில் பிரஷ் போட்டு, பிறகு நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் பாதி வேகம் திரும்ப வரும். மதினி தன் இஸ்திரிப் பெட்டியை முதலில் தரவில்லை, இப்போது அவரே போட்டுக் கொடுக்கிறார். கச்சான் காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வீசும் மாதங்களில் எதிரி வேறு. மணல். ஜன்னலைச் சாத்தினாலும் வரும். துணியில் மணல் இருந்தால் பந்தின் மேல்பூச்சு கீறிப்போகும். ஆடுவதற்கு முன் பந்துகளை ஈரத்துணியால் துடைத்துக் காயவைப்பது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது.

மட்டம் பார்க்க ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போகும். வீட்டுத் தரை தண்ணீர் ஓட வாட்டம் விட்டுப் போட்டது, அதனால் தரையை நம்பவே முடியாது. நாலு காலின் அடியிலும் 10 மி.மீ. போல்ட் வைத்திருக்கிறோம். ஒரு சுற்றுக்கு 1½ மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். ரசமட்டத்தை முதலில் நீளவாக்கில், அப்புறம் அகலவாக்கில், கடைசியில் மூலைக்கு மூலை வைத்துப் பார்ப்போம். தரையில் கால் நிற்கும் இடத்தைப் பெயின்டால் குறித்து வைத்த பிறகு அந்தப் பத்து நிமிடம் மூன்று நிமிடமாகிவிட்டது. கேனை வைத்த பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும், முன்னால் பார்த்தால் வீண்.

எடுத்து வைக்கும்போது தளத்தைச் சாய்த்து வைக்கக் கூடாது. நீளப் பக்கம் கீழே வருமாறு செங்குத்தாக, துணி சுவர்ப்பக்கம் பார்க்க, அடியில் ரப்பர் கட்டை கொடுத்து நிறுத்துகிறோம். கோல்களுக்கும் அதேதான். சுவரில் சாய்த்து வைத்த இரண்டு கோல்கள் வளைந்து போயின, இப்போது ஆணியில் தொங்குகின்றன.

குறை இல்லாமல் இல்லை. மூன்றடிக் கோலில் பழகினால் பெரிய மேசையில் முழுக்கோல் பிடிக்கும்போது கை தடுமாறும், அண்ணனே சொல்கிறார். பலகை மேசையில் பந்து உருளும் சத்தம் ஸ்லேட்டில் கேட்பதைவிட அதிகம், பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆட முடியாது. செலவு எல்லாம் சேர்ந்து 21,000 ரூபாய் பக்கம் வந்தது. அதில் வீணாய்ப்போன முதல் பலகை, முதல் துணி எல்லாம் அடக்கம்.

போன மே மாதம் ராமநாதபுரத்தில் அக்கா வீட்டுக்கு லோடு ஆட்டோவில் மேசையை ஏற்றிப் போனோம். கேன்களை வெறுமையாகவே எடுத்துப் போய் அங்கே போர் தண்ணீர் பிடித்துக்கொண்டோம். மொட்டை மாடியில் கொட்டகை நிழலில் விரித்து மட்டம் பார்த்து முடித்தபோது மணி நாலரை. விளக்கு வைக்கும் வரை ஆடினோம். கடைசி ஆட்டத்தில், ஆட்டத்தை முடித்து வைக்கும் எட்டாம் நம்பர் பந்தை நடுப் பாக்கெட்டில் இறக்கியது அண்ணன் மகள்தான்.