முன்னால் போவதா, பின்னால் போவதா?

காலப்பயணம் முடியுமா என்று மொத்தமாகக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் முன்னால், அதாவது எதிர்காலத்துக்குப் போவது வேறு, பின்னால், அதாவது கடந்த காலத்துக்குப் போவது வேறு.

முன்னால் போவது தினமும் நடக்கிறது. கொடைக்கானலில் எங்கள் அடுப்படிச் சுவரில், பனி ஏறிக் கண்ணாடி மங்கிப்போன கடிகாரத்துக்கும் ராமேஸ்வரத்தில் தங்கை வீட்டுக் கடிகாரத்துக்கும் உயரத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 20 நானோநொடி (நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் 20 பங்கு) வித்தியாசம். கடலோர ராமேஸ்வரம் பூமியின் ஈர்ப்புக்குள் சற்று ஆழத்தில் இருக்கிறது, அங்கே நேரம் மெதுவாக ஓடுகிறது, அதனால் எதிர்காலத்துக்குத் துளி முந்திப் போகிறவள் அவள்தான். 1971இல் அமெரிக்க அறிவியலாளர்கள் ஹாஃபலும் கீட்டிங்கும் மிகத் துல்லியமான சீசியம் அணுக் கடிகாரங்களோடு விமானத்தில் உலகைச் சுற்றி, வேகமும் உயரமும் நேரத்தை மாற்றுவதை அளந்தே காட்டினார்கள். ஒளிவேகத்தில் 99.5 சதவீதத்தில் உங்கள் கடிகாரப்படி ஓராண்டு பறந்து திரும்பினால் இங்கே 10 ஆண்டு ஓடியிருக்கும். எவ்வளவு அழகான விஷயம்!

பின்னால் போக, ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் மட்டும் வழி உண்டு. 1949இல் கணித அறிஞர் கோடல் காட்டிய வழிக்குப் பிரபஞ்சமே சுழல வேண்டும். புழுத்துளை, அதாவது காலவெளியில் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி என்றால், அதைத் திறந்து வைக்க வெற்றிடத்தின் ஆற்றலை விடக் குறைவான எதிர்மறை ஆற்றல் வேண்டும், அதற்கு எங்கே போவது? இயற்பியல் விதிகளே இதைத் தடுத்துவிடும் என்றார் ஹாக்கிங், நானும் அவர் கட்சிதான். சரி, போக முடியாவிட்டாலும் பார்க்கலாம்: இங்குள்ள சூரிய ஆய்வகத் தொலைநோக்கியில் தெரிவது 8 நிமிடத்துக்கு முந்தைய சூரியன்.