நாலு கம்பெனி, ஒரே பிஎஃப்: ரிட்டயர்மென்ட் வரைக்கும் என் அனுபவம்

1998ல அம்பத்தூர்ல ஆரம்பிச்சு, பெங்களூர் வந்து பீன்யா, எலக்ட்ரானிக் சிட்டி, வைட்ஃபீல்டுன்னு மாறி 58 வயசுல ரிட்டயர் ஆனவன் நான். நடுவுல எந்த கம்பெனி பிஎஃபையும் எடுக்காம டிரான்ஸ்ஃபர்தான் பண்ணேன். இங்க நம்ம பசங்க வேலை மாறும்போதெல்லாம் க்ளெய்ம் போட்டு எடுத்து பைக் வாங்கறாங்க, பார்த்தா மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா டாக்ஸ் உண்டு, டிரான்ஸ்ஃபர் பண்ணா பழைய கம்பெனி வருஷமும் சேர்ந்துக்கும். 2024-25க்கு வட்டி 8.25%, எந்த பேங்க் எஃப்டி இவ்ளோ நாளைக்கு இப்படி குடுக்குது சொல்லுங்க. ஆனா பேலன்ஸை மட்டும் பார்க்கறது போதாது, என்னைக் கேட்டா பேலன்ஸை விட சர்வீஸ் ஹிஸ்டரிதான் முக்கியம், ஏன்னா பென்ஷன் அதை வச்சுதான்.

யூஏஎன், அதாவது எந்த கம்பெனிக்கு மாறினாலும் மாறாத ஒரே பிஎஃப் நம்பர், 2014ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஒரு நம்பர், தமிழ்நாடு நம்பர் ஒண்ணு, கர்நாடகா நம்பர் ஒண்ணு, டிரான்ஸ்ஃபர் பண்ண ஃபார்ம் 13ஐ பேப்பர்ல எழுதி குடுக்கணும். இப்ப எல்லாம் ஆன்லைன்தான், ஆனா மெம்பர் போர்ட்டல்ல சர்வீஸ் ஹிஸ்டரியை திறந்தா ஒவ்வொரு கம்பெனிக்கும் சேர்ந்த தேதி, விலகின தேதின்னு பிஎஃபுக்கு தனியா பென்ஷனுக்கு தனியா இருக்கும். எனக்கு ஒரு கம்பெனியோட விலகின தேதி இடத்துல "நாட் அவைலபிள்"னு நின்னுச்சு, எச்ஆருக்கு மெயில் போட்டு போட்டு பதிலே இல்ல. 2020ல இருந்து நாமளே ஆதார் ஓடிபி வச்சு மார்க் எக்ஸிட் (விலகின தேதியை பதியறது) பண்ணலாம், கடைசியா பணம் கட்டி ரெண்டு மாசம் ஆகியிருக்கணும், தேதியும் அந்த கடைசி மாசத்துக்குள்ளதான் இருக்கணும். அப்படித்தான் சரி பண்ணேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இனிஷியல் ஒரு பெரிய தலைவலிங்க. ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பான்ல அப்பா பேரு முழுசா, கம்பெனி ரெக்கார்டுல இனிஷியல் முன்னாடி, மூணும் ஒத்துப்போகலைன்னா க்ளெய்ம் ரிஜெக்ட். வேலைல இருக்கும்போதே ஜாயின்ட் டிக்ளரேஷன் (நாமளும் கம்பெனியும் சேர்ந்து குடுக்கற திருத்த விண்ணப்பம்) போட்டு முடிச்சிடுங்க, கம்பெனியை மூடிட்டா அதுக்கப்புறம் அலைச்சல்தான்.

இன்னொண்ணு, டிரான்ஸ்ஃபர் ஆனதும் பாஸ்புக்ல பென்ஷன் பணத்துக்கான கட்டத்துல ஜீரோ காட்டும், பயப்படாதீங்க. மாசா மாசம் கம்பெனி பங்குல இருந்து அதிகபட்சம் 1,250 ரூபா பென்ஷன் ஃபண்டுக்கு போகுது, டிரான்ஸ்ஃபர்ல அந்த பணம் நகராது, சர்வீஸ் வருஷம்தான் கூட வரும். சில பெரிய கம்பெனிங்க பிஎஃபை பார்த்துக்க சொந்தமா டிரஸ்ட் வச்சிருப்பாங்க, அங்கிருந்து மாறினா அனெக்ஸர் கே (பிஎஃப் பணம், சர்வீஸ் விவரம் இருக்கற டிரான்ஸ்ஃபர் பேப்பர்) கேட்டு வாங்கி பத்திரமா வச்சுக்கோங்க.

பத்து வருஷ சர்வீஸ் இருந்தாதான் மாசாந்திர பென்ஷன். நெட்ல எல்லாரும் பென்ஷனுக்கு கணக்காகற உச்சவரம்பு சம்பளமான 15,000ஐ சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70ஆல வகுக்கச் சொல்றாங்க, என்னை மாதிரி பழைய ஆளுங்களுக்கு அது அப்படியே வராது. 2014 செப்டம்பருக்கு முன்னாடி இருந்த வருஷங்களுக்கு உச்சவரம்பு 6,500தான். பழசு 16 வருஷம், புதுசு 10 வருஷம்னா சுமார் 1,486 கூட 2,143, ஆக மொத்தம் 3,629. சர்வீஸ் 20 வருஷத்தை தாண்டினா போனஸா ரெண்டு வருஷம் சேர்ப்பாங்க, அப்பவும் ஆறாயிரத்தை தொடாது. அதனால பென்ஷனை நம்பி பிஎஃபை காலி பண்ணாதீங்க.

கல்யாணம் ஆனா பழைய நாமினேஷன் செல்லாது, புதுசா இ-நாமினேஷன் போடணும்.

ரிட்டயர் ஆனப்புறம் பிஎஃப் அங்கேயே கொஞ்ச நாள் கிடந்தாலும் வட்டி ஏறும்தான், ஆனா வேலையை விட்டப்புறம் சேர்ற வட்டிக்கு டாக்ஸ் உண்டு, 2017ல பெங்களூர் வருமான வரி தீர்ப்பாயமே அப்படித்தான் சொல்லிடுச்சு. நான் அதை வெளிய எடுத்து சீனியர் சிட்டிசன் டெபாசிட் பக்கம் போட்டேன். பென்ஷன் இப்ப எந்த பேங்க்ல எந்த கிளைலயும் வாங்கலாம், 2025 ஜனவரில இருந்து அந்த வசதி வந்துடுச்சு, திருநெல்வேலி பக்கம் திரும்பிப் போறவங்க பென்ஷன் ஆர்டரை ஆபீஸ் ஆபீஸா மாத்த வேண்டியதில்ல. வருஷத்துக்கு ஒருதடவை ஜீவன் பிரமாண் (உயிரோட இருக்கோம்னு குடுக்கற டிஜிட்டல் சான்று) மட்டும் மறக்காம குடுத்துடுங்க, விட்டுட்டா பென்ஷன் நின்னுடும்.