பெருநகரப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள்: ஒரு மாணவரின் அனுபவம்

பெருநகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளியியலில் இளங்கலைப் பட்டப்படிப்பை நான்கு ஆண்டுகள் படித்து முடித்திருக்கிறேன். இதை முதல் பருவத்திலேயே எழுதியிருந்தால் குறைகளை மட்டுமே எழுதியிருப்பேன்.

முதலாண்டு விரிவுரைகளில் ஏறத்தாழ 300 பேர் அமர்ந்திருப்போம்; பின்வரிசைக்குக் கரும்பலகையின் கீழ்ப்பாதி தெரியாது. விடைத்தாள்களை ஆய்வு மாணவர்கள்தாம் திருத்தினார்கள். ஒரு புள்ளியியல் சோதனையில் கிடைத்த பி மதிப்பு (p-value) 0.03 என்பதால் இன்மைக் கருதுகோள், அதாவது ‘விளைவு எதுவும் இல்லை’ என்ற தொடக்க அனுமானம், தவறாக இருப்பதற்கு 97 சதவீத வாய்ப்பு உண்டு என்று ஒருமுறை எழுதியிருந்தேன். அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். இங்கே கேட்க நாதியில்லை என்று இரண்டு வாரம் புலம்பிவிட்டு, பேராசிரியரின் அறைக் கதவில் ஒட்டியிருந்த சந்திப்பு நேரத்தைப் பார்த்துத் தயங்கியபடி உள்ளே சென்றேன். 300 பேருக்கென ஒதுக்கிய அந்த நேரத்தில் என்னைத் தவிர எவரும் வரவில்லை. இன்மைக் கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொண்டால் இத்தகைய தரவோ இதைவிட விலகிய தரவோ கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறதே தவிர, கருதுகோள் சரியா தவறா என்பதற்கான வாய்ப்பை அன்று என்பதை, மேசையில் நாணயத்தைச் சுண்டிச் சுண்டி முக்கால் மணி நேரம் விளக்கினார்.

பெரிய வளாகத்தின் உண்மையான செல்வம் நூலகம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் 519.5 என்ற எண்ணின்கீழ் வரும் புள்ளியியல் நூல்கள் மைய நூலகத்தில் இருந்தன. நான் தேடிய ஒரு நூலோ 614.4 என்ற கொள்ளைநோயியல் எண்ணோடு மருத்துவத்துறை நூலகத்தில் இருந்தது. அதை எடுக்கப் போன இடத்தில் அத்துறையின் அறிவிப்புப் பலகையைக் கண்டு, அனுமதி கேட்டு, ஒரு பருவம் முழுவதும் அவர்களுடைய விரிவுரைகளைக் கேட்டேன். சிறிய கல்லூரியில் இதற்கு வழியே இருந்திருக்காது.

நிர்வாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. விருப்பப் பாடங்களுக்கான பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் நிரம்பிவிடும். இறுதியாண்டில், நான் முடித்திருந்த ஒரு பாடம் வேறு பிரிவில் சேர்க்கப்பட்டிருந்ததால் எனக்கு இரண்டு கிரெடிட் குறைந்தது. அதைச் சரிசெய்ய மூன்று அலுவலகங்களுக்கு இடையே அலைந்தேன். ஒவ்வொரு பருவ முடிவிலும் கிரெடிட் கணக்கை மாணவரே பிரிவுவாரியாகச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மேற்படிப்புக்கு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்பட்டன. நாணயம் சுண்டிய பேராசிரியரும் கொள்ளைநோயியல் ஆசிரியரும் கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவரிடம் இரண்டு பாடங்கள் படித்து உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தேன்; அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பதிவெண்ணைச் சொல்லச் சொன்னார்.