கூட்டுக் கையொப்பமா, எழுத்தா, கோடா: தகப்பன் உரிமைக்கு எது தாங்கும்?

எங்கள் மகள் பிறந்தபோது எங்களுக்கு எழுத்து, அதாவது விவாகப் பதிவு, முடிந்திருக்கவில்லை. பதிவாளர் முன்னால் இரண்டு பேரும் கையொப்பம் வைத்து என் பெயரைப் பதிந்தோம். பிறகு எழுத்தும் எழுதினோம். இலங்கையில் மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இதே நிலையில் இருக்கும் தம்பிமார் "கையொப்பம் மட்டும் காணாதா அண்ணன்?" என்று கேட்கிறார்கள். போதாது என்பதுதான் என் கருத்து. முஸ்லிம் சகோதரர்களுக்கு 1951ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சட்டம் தனியாக இருப்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

கூட்டுக் கையொப்பம் லேசான வழி. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டு, பதிவேட்டில் கையொப்பம் வைத்தால் தகப்பன் பெயர் ஏறும். தாய் சம்மதிக்காவிட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். கூட்டுக் கையொப்பத்துக்குச் சட்டத்தரணி தேவையில்லை, செலவும் பெரிதாக இல்லை. பழைய பத்திரங்களில் "பெற்றோர் விவாகமானவர்களா?" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் "இல்லை" என்று விழுவதற்கு வெட்கப்பட்டே சிலர் பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளாதீர்கள். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவாகிவிடும், அலைச்சல் கூடும்.

ஆனால் பெயர் ஏறியதால் பிள்ளை உங்கள் பொறுப்பில் வந்துவிடாது. எங்கள் பகுதிக்குப் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில், விவாகம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் தாய்தான். மட்டக்களப்பில் இது எங்கே கடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குப் போய் இருக்கிறார். மனைவி குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போனால் பிள்ளை அம்மம்மாவிடம். ஏதும் மனவருத்தம் வந்தால், அல்லது தாய் இறந்தே போனால், பிள்ளை இருப்பது அவர்கள் வீட்டில், படலைக்கு வெளியே நிற்பது நீங்கள். கையில் உள்ள பிறப்புப் பத்திரம் நீங்கள் தகப்பன் என்று காட்டும், அவ்வளவுதான்.

எழுத்து இதை மாற்றுகிறது. பெற்றோர் பிறகு சட்டப்படி மணந்தால், முன்னர் பிறந்த பிள்ளையும் சட்டபூர்வமான பிள்ளையாகிவிடும். விவாகச் சான்றிதழைக் காட்டிப் பிறப்புப் பதிவையும் திருத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நீங்கள் பெயரளவுத் தகப்பன் இல்லை, பாதுகாவலர்.

முதுசமும் இதோடு சேர்ந்ததுதான். 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, விவாகம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு மரணசாசனம் (உயில்) எழுதாமல் இறந்த தாயின் சொத்து வரும், தகப்பனின் சொத்து வராது. "வீடு தாய் வழியில் வருகுதுதானே" என்று எங்கள் ஆட்கள் ஆறுதல்படுவார்கள். சரி, படுவான்கரையில் உங்கள் பெயரில் கிடக்கிற வயல் யாருக்கு? எழுத்து எழுதாவிட்டால், பிள்ளைக்கு நன்கொடை உறுதியாவது மரணசாசனமாவது எழுதித்தான் ஆகவேண்டும்.

எழுத்துக்கு இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், முந்திய விவாகம் எதுவும் உயிரோடு இருக்கக்கூடாது. பலருக்குச் சிக்கல் இரண்டாவதில்தான். பிரிந்து பல வருசம் ஆனாலும், விவாகரத்துத் தீர்ப்பு இல்லாவிட்டால் அது விவாகம்தான். தாய்க்கு அப்படி ஒரு கணவர் காகிதத்தில் இருந்தால் இன்னும் மோசம்: சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, விவாகம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளையை அந்தக் கணவரின் பிள்ளை என்றே கொள்ளும். கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் அவர்களுக்குள் தொடர்பு இருக்க வாய்ப்பே இல்லை என்றோ, அந்தக் கணவருக்கு ஆண்மை இல்லை என்றோ நிரூபித்தால்தான் அது உடையும். இப்படிப்பட்டவர்கள் முதலில் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்தை முடியுங்கள்.

மூன்றாவது வழி கோடு, அதாவது நீதிமன்றம். கட்டுக்காவலுக்கு, அதாவது பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமைக்கு, மாவட்ட நீதிமன்றம் போகலாம். பிள்ளையை யாராவது தடுத்து வைத்திருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். அங்கே பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான், ஆகவே எழுத்து இல்லாத தகப்பனுக்கும் கதவு அடைபட்டதில்லை. நான் இந்த வழியில் நடந்ததில்லை, வழக்குக்குப் போனவர்களின் அலைச்சலைத்தான் பார்த்திருக்கிறேன். சாதக பாதகத்தைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். காசு இல்லாதவர்களுக்கு மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம்: 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் மாதாமாதம் காசு கட்டுவதால் பிள்ளை உங்கள் கட்டுக்காவலில் வந்துவிடாது. கட்டுக்காவலை வேறாகத்தான் கேட்கவேண்டும்.