ஃப்ளோவா, தி வைல்ட் ரோபோவா?

2024-இல் வந்த அனிமேஷன் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு இரண்டு பெயர்கள்தான் வாயில் வரும். லாத்வியாவிலிருந்து வந்த ‘ஃப்ளோ’, ஹாலிவுட் நிறுவனமான டிரீம்வொர்க்ஸின் ‘தி வைல்ட் ரோபோ’. இரண்டிலும் மனிதர்களுக்குப் பெரிதாக வேலை இல்லை, ஒன்றுக்கொன்று ஒட்டாத உயிர்கள் சேர்ந்து பிழைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கதை. 2025 ஆஸ்கரில் இரண்டும் ஒரே பிரிவில் மோதி ஃப்ளோ ஜெயித்தது, லாத்வியாவுக்கு அதுவே முதல் ஆஸ்கர். என் ஓட்டும் ஃப்ளோவுக்குத்தான். ஆனால் காரணம் சொல்ல வைல்ட் ரோபோவிலிருந்து தொடங்கினால்தான் சரிவரும்.

ஆளில்லாத தீவில் கரை ஒதுங்கும் ரோஸ் என்ற வேலைக்கார ரோபோவுக்கு முதலில் யார் பேசுவதும் புரியாது. விலங்குகள் கத்துகின்றன, ஓடுகின்றன, கடிக்க வருகின்றன. அப்புறம் அது ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து, நாள்கணக்கில் காட்டைக் கேட்டுக் கேட்டு மொழியைப் பிடித்துக்கொள்கிறது. அற்புதமான யோசனை, ஆனால் அந்த நிமிடத்திலிருந்து படத்தில் எல்லோரும் பேசத் தொடங்குகிறார்கள், பிறகு நிறுத்துவதே இல்லை. தன்னால் கூடு நசுங்கி அநாதையான காட்டு வாத்துக் குஞ்சை ரோஸ் வளர்க்கிறது: தின்ன வைக்க வேண்டும், நீந்த வைக்க வேண்டும், குளிர்காலத்துக்குள் பறக்க வைக்க வேண்டும். குஞ்சு கூட்டத்தோடு வலசை கிளம்பும் காட்சியில் கிறிஸ் பவர்ஸின் இசையும் சேர்ந்துகொள்ளும்போது கண் கலங்காமல் இருப்பது கஷ்டம். காட்டை வண்ண ஓவியம்போலத் தூரிகைத் தடம் தெரியத் தீட்டியிருக்கிறார்கள், அதற்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். என் குறை அதற்குப் பிறகு வருவதில்தான். ரோஸைத் திரும்பக் கொண்டுபோக ஆள் வருவது, சண்டை, தீ என்று கடைசிப் பகுதி நாம் நிறையப் பார்த்த பாதையில் ஓடுகிறது. வலசையோடு முடித்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

ஃப்ளோவில் ஒரு வசனம்கூடக் கிடையாது. ஊரே வெள்ளத்தில் மூழ்க, ஒரு பூனை பாய்மரப் படகில் ஏறுகிறது. கூடவே கேபிபரா (பெருச்சாளியைப் பெரிதாக்கியதுபோன்ற தென்னமெரிக்க விலங்கு), லெமூர் (குரங்கின் உறவான மடகாஸ்கர் விலங்கு), லாப்ரடார் நாய், சிறகு முறிந்த செக்ரட்டரி பறவை (நெட்டைக் கால்களுள்ள ஆப்பிரிக்க வேட்டைப் பறவை). அந்தச் சிறகு எப்படி முறிந்தது என்று பாருங்கள்: பூனைக்குப் பரிந்து நின்றதற்காகத் தன் கூட்டத்தின் தலைவனிடமே அடிவாங்கிய பறவை அது. யாரும் விளக்கவில்லை, இருந்தும் பறவை ஏன் நின்றது, கூட்டம் ஏன் விட்டுப் போனது என்று எல்லாமே புரிகிறது. லெமூர் பளபளக்கும் சாமான்களைக் கூடையில் சேர்த்துக்கொண்டு கட்டிக் காப்பதும் அப்படித்தான். ஒலிகளும் நிஜ விலங்குகளுடையவை, ஆனால் கேபிபராவுக்கு அதன் சொந்தக் கீச்சுக்குரல் அந்த அமைதியான சுபாவத்துக்குப் பொருந்தாததால் ஒட்டகக் குட்டியின் குரலைப் போட்டார்கள்.

பணத்தைப் பார்த்தால் வைல்ட் ரோபோவுக்குச் சுமார் 7.8 கோடி டாலர், ஃப்ளோவுக்குச் சுமார் 35 லட்சம் யூரோ. இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் தன் முதல் படத்தைத் தனியாளாகவே செய்து முடித்தவர், இதைச் சிறு குழுவோடு பிளெண்டரில் செய்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய அதே மென்பொருள்தான், நம் ஊரில் அனிமேஷன் படிக்கிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சிக்கனம் தெரியத்தான் செய்கிறது, பூனையின் உடம்பில் தனித்தனி முடி இல்லை, நாய்கள் வீடியோ கேம் உருவங்கள்போல இருக்கின்றன. ஆனால் தண்ணீர் விளிம்பில் அந்தப் பூனை காலை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று தயங்கும்போது முடியை யார் எண்ணப்போகிறார்கள்?

வீட்டில் ரொம்பச் சின்னக் குழந்தை இருந்தால் வைல்ட் ரோபோவை முதலில் போடுங்கள், ஃப்ளோவில் வெள்ளம் திடீரென்று ஏறும் இடங்கள் அவர்களைப் பயமுறுத்தலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வராத தாத்தா பாட்டிக்கும் ஃப்ளோதான், டப்பிங்கும் வேண்டாம், சப்டைட்டிலும் வேண்டாம், 85 நிமிடம்தான். பெயர்கள் ஓடி முடிந்த பிறகும் ஒரு காட்சி இருக்கிறது, அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.